கொம்பையன் மிதித்த பாறை

ஒரு காட்டில் ஓர் ஓடை இருந்தது. அது மலைமேல் பிறந்து, கரும்பாறையின்மேல் நெடுந்தூரம் ஓடி வந்தது. கரும்பாறை மிகவும் கெட்டி. ஓடை எவ்வளவோ காலம் மேலே ஓடியும், பாறை கொஞ்சம் வழவழப்பானதே தவிர வேறொன்றும் ஆகவில்லை.

ஓர் இடத்தில் அந்தக் கரும்பாறை முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் மாக்கல் தொடங்கியது. மாக்கல் உங்களுக்குத் தெரியும், குழந்தைகளே. நகத்தால் கீறினால் மாவாக உதிரும் கல். கரும்பாறைக்கு அடியிலும் அதே மாக்கல்தான் இருந்தது. மெத்தைமேல் பலகையைப் போட்டதுபோல, கரும்பாறை அதன்மேல் படுத்திருந்தது.

ஓடை ஆள் பார்த்து ஓடவில்லை. இரண்டு கல்லையும் ஒரே மாதிரிதான் தேய்த்தது. மெத்தென்ற கல் சீக்கிரம் கரைந்தது, அவ்வளவுதான். முதலில் அங்கே ஒரு படி உண்டானது. முயல் குதித்து இறங்கும் உயரம். பிறகு மான் குதிக்கும் உயரம். பிறகு யாரும் குதிக்கவில்லை. ஓடை மட்டும் குதித்தது. அதற்கு அருவி என்று பெயர் வந்தது.

அருவியின் தலைப்பக்கத்தில், கரும்பாறைமேல், ஒரு காட்டெருமைக் கூட்டம் இருந்தது. அதன் தலைவன் பெயர் கொம்பையன். பெரிய உடம்பு, பெரிய கொம்பு. இரண்டையும்விடப் பெரியது அதன் பெருமை.

"இந்தப் பாறையைப் போல நானும் அசையமாட்டேன்" என்று கொம்பையன் அடிக்கடி சொல்லும்.

"ஆமாம் அண்ணா" என்று ஒரு மந்திக்குரங்கு சொல்லும். மந்தியின் வேலை அதுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மழை தொடங்கி ஓடை கலங்கியதும், அக்கரையில் இளம்புல் முளைக்கும். கூட்டம் ஓடையைத் தாண்டி அங்கே போகவேண்டும். மற்ற இடமெல்லாம் சேறும் நாணலும். அருவி விழும் விளிம்பில் மட்டும் தண்ணீர் அகலமாகப் பரவி, குளம்பு நனையும் அளவுக்கே ஓடும். அதனால் அந்த விளிம்புதான் வழி.

தாண்டுவதற்கு முன்னால் பாறை உறுதியா என்று பார்ப்பார்கள். தலைவன் விளிம்பில் நின்று ஓங்கி மிதிக்கும். பாறை 'திண்' என்று சொல்லும். மந்தி மரத்திலிருந்து "திண்! திண்!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தும். பிறகு பசுக்கள், கன்றுகள், கிழங்கள் எல்லாம் ஒன்றாக விளிம்பில் ஏறிச் சேர்ந்து மிதிக்கும். இதற்குக் கூட்டமிதி என்று பெயர். அதன் பிறகு அக்கரைக்குப் போகும்.

பாறையை எப்போதும் மேலிருந்துதான் சோதித்தார்கள். கொம்பையனின் அப்பாவும் அப்படித்தான் சோதித்தது. அப்பாவின் அப்பாவும் அப்படித்தான்.

ஒரு வருடம் மழைக்கு முன்னால், அருவியின் அடியிலிருந்து ஒரு நண்டு ஏறி வந்தது. அது முணுமுணுக்கிற நண்டு. வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"ஐயா, கீழே மாக்கல்லில் வளை தோண்டிக் குடியிருக்கிறேன். காலையில் வாசல் இருக்கிற இடத்தில் மாலையில் வாசல் இல்லை. போன மழைக்குக் கூடம் போயிற்று. இந்த மழைக்கு நான் போவேன். மேலே ஏதாவது ஒரு வெடிப்பு இருந்தால் கொடுங்கள்" என்றது.

"உன் வீடு ஏன் கரைகிறது?" என்று கேட்டது கொம்பையன்.

"விழுகிற தண்ணீர் திரும்பித் தெறிக்கிறது ஐயா. பின்சுவரை அரிக்கிறது. மணல், கூழாங்கல் எல்லாம் சேர்ந்து ராவுகிறது."

"என் பாறைமேலும் அதே தண்ணீர்தானே ஓடுகிறது? அது கரையவில்லையே?"

"உங்கள் பாறை கெட்டி."

"அப்படியானால் தண்ணீரைக் குற்றம் சொல்லாதே. உன் கல்லைக் கேள்" என்றது கொம்பையன். "கரைகிறவர்கள் கீழே இருக்கவேண்டும். உறுதியானவர்கள் மேலே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காட்டில் எதற்கு மேல், கீழ்?"

"ஆமாம் அண்ணா" என்றது மந்தி.

"உங்கள் பாறை என் வீட்டின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஐயா."

"உட்காரட்டும். உனக்குக் கூரை வேண்டாமா?"

நண்டு முணுமுணுத்தபடி இறங்கிப் போனது. அன்றே மாக்கல் வளையை விட்டுவிட்டு, ஓடையின் கீழ்ப்பக்கம் இருந்த ஒரு கற்குவியலுக்குக் குடிபோனது.

சில நாள் கழித்து ஒரு நீர்நாய் வந்தது. அதற்கு எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்கமுடியாது. எட்டிப் பார்த்ததை யாரிடமாவது சொல்லாமலும் இருக்கமுடியாது.

"கொம்பையன் மாமா! அருவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அம்மாடி, எவ்வளவு பெரிய குகை! உங்கள் கூட்டம் முழுவதும் உள்ளே படுக்கலாம்."

"எங்களுக்குப் படுக்க இடம் இருக்கிறது."

"நான் அதைச் சொல்லவில்லை. அந்தக் குகைக்குக் கூரை எது தெரியுமா? நீங்கள் இப்போது நிற்கிற பாறை."

கொம்பையன் காலடியைப் பார்த்தது. பாறை வழக்கம்போலக் கறுப்பாக இருந்தது.

"கீழே தாங்க ஒன்றுமில்லை, மாமா. மாக்கல் எல்லாம் கரைந்து போயிற்று. பாறை வெறுமனே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அருவி விழும் மடுவும் அப்படித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன், அடியே தட்டுப்படவில்லை. ஒரே ஒரு தடவை இறங்கி வந்து பாருங்கள்."

கொம்பையன் கீழே போகும் பாதையைப் பார்த்தது. முட்புதருக்கு நடுவே குறுகலான பாதை. இறங்கினால் அருவியின் அடியில், நண்டுகள் இருக்கும் இடத்தில் போய் நிற்கவேண்டும். மேலே கூட்டம் முழுவதும் எட்டிப் பார்க்கும். தலைவனின் முதுகை எல்லாரும் மேலிருந்து பார்ப்பார்கள். அந்த முதுகை இதுவரை யாரும் மேலிருந்து பார்த்ததில்லை.

"மேலே நடக்கிறவனுக்குக் கீழே என்ன வேலை?" என்றது கொம்பையன்.

"ஆகா!" என்றது மந்தி. அதற்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றைக்கெல்லாம் மரத்துக்கு மரம் தாவி அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மழை வந்தது. அந்த வருடம் நன்றாகவே வந்தது. ஓடை கலங்கி, அருவி பருத்து, இரைச்சல் கூடியது. அக்கரையில் புல் பச்சைப்பசேல் என்று எழுந்தது. இக்கரையில் கடிக்க ஒன்றும் மிச்சமில்லை. கூட்டத்தில் அந்த வருடம் கன்றுகள் அதிகம்.

எல்லாரும் கூடினார்கள். கொம்பையன் விளிம்புக்குப் போய் முன்னங்காலைத் தூக்கி ஓங்கி மிதித்தது.

பாறை 'திண்' என்று சொல்லவில்லை. 'டொம்' என்றது.

மந்தி வாயைத் திறந்தது, மூடியது, கொம்பையனைப் பார்த்தது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டது கூட்டத்திலேயே மூத்த பசு. எல்லாரும் அதைப் பெரியத்தை என்று கூப்பிடுவார்கள். கவலைப்படுவது அதன் குணம். "தம்பி, வெறும் குடத்தைத் தட்டினதுபோல இருக்கிறதே?"

கொம்பையனுக்கும் அப்படித்தான் இருந்தது. கால்வழியாக ஓர் அதிர்வு ஏறி வயிறுவரைக்கும் வந்தது. இதற்கு முன் அப்படி வந்ததில்லை. ஆனால் கூட்டம் முழுவதும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாறை முற்றிவிட்டது. முற்றிய பாறை அப்படித்தான் பேசும்" என்றது கொம்பையன்.

"டொம்! டொம்!" என்று மந்தி மரத்திலிருந்து மகிழ்ச்சியோடு கத்தியது. "நம் பாறை பேசுகிறது! எல்லாரும் ஏறுங்கள்! கூட்டமிதி! கூட்டமிதி!"

பசுக்கள் கன்றுகளை முன்னால் தள்ளிக்கொண்டு விளிம்பை நோக்கி நடந்தன.

நீர்நாய் குறுக்கே ஓடி வந்தது. "ஏறாதீர்கள்! கீழே ஒன்றுமில்லை! நான் பார்த்தேன்!"

"மேலே நடக்கிறவனுக்குக் கீழே என்ன வேலை?" என்றது மந்தி. கன்றுகள் சிரித்தன. பசுக்கள் நிற்கவில்லை.

நீர்நாய் கூட்டத்தைப் பார்த்தது. கொம்பையனைப் பார்த்தது. பிறகு கத்துவதை விட்டுவிட்டு, விளிம்புப் பக்கம் போய் மெதுவாகத் தலையைச் சொறிந்தது.

"மாமா, ஒரு சந்தேகம்."

"உனக்கு எப்போதும் சந்தேகம்தான்."

"நீங்கள் மிதித்த பிறகு இவர்களும் மிதிக்கிறார்களே, அது எதற்கு?"

"பாறை உறுதியாக இருக்கிறது என்று காட்டத்தான்."

"நீங்கள் மிதித்தது போதாதா?"

கொம்பையன் காதை ஆட்டியது. "யார் சொன்னது போதாது என்று?"

"நான் சொல்லவில்லை, மாமா. கீழ்க்காட்டில் பேசிக்கொள்கிறார்கள். கொம்பையன் மிதிப்பது பாறைக்கு உறைப்பதே இல்லையாம். பின்னால் பசுக்கள் வந்து மிதித்துக் கொடுப்பதால்தான் காரியம் நடக்கிறதாம். இந்தச் சின்னக் கன்றுகள்கூட உங்களைவிட—"

"எந்தக் கீழ்க்காட்டில்?"

"நான் நம்பவில்லை, மாமா. கேட்டதைச் சொன்னேன்."

கொம்பையனின் மூக்கு விடைத்தது. "நில்லுங்கள்!" என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கியது. "இந்த வருடம் கூட்டமிதி கிடையாது! நான் ஒருவனே மிதிப்பேன்! எல்லாரும் பின்னால் போங்கள்!"

"எவ்வளவு தூரம், தம்பி?" என்று கேட்டது பெரியத்தை.

"என் மிதிச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிற தூரம்."

"அந்த நாவல்மரத்துக்கு அப்பால் நின்றால் சரியாக இருக்கும்" என்றது நீர்நாய்.

"தலைவன் நீயா, நானா? நான் சொல்கிறேன், கேளுங்கள். நாவல்மரத்துக்கு அப்பால் போங்கள்!"

கூட்டம் நாவல்மரத்துக்கு அப்பால் போய் நின்றது. ஒரு கன்று மட்டும் திரும்பி ஓடி வரப் பார்த்தது. பெரியத்தை அதை வாலால் ஓர் அடி போட்டு நிறுத்தியது.

நீர்நாய் கடைசியாக ஒருமுறை கொம்பையன் பக்கத்தில் வந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னது: "மாமா, நீங்களும் அந்த மரத்துக்கு அப்பால் நின்று மிதிக்கலாம். அதுவும் இதே பாறைதான்."

"போ அந்தப் பக்கம்" என்றது கொம்பையன்.

நீர்நாய் போய்விட்டது.

கொம்பையன் மிதித்தது. டொம். கீழ்க்காட்டுக்குக் கேட்டிருக்குமா என்று யோசித்தது. கேட்டிருக்காது என்று தோன்றியது. நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிக் குதித்தது.

பாறைமேல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடி வந்தது. கொம்பையன் அதை எறும்பு வரிசை என்று நினைத்தது. எறும்பு இவ்வளவு வேகமாகப் போகாதே என்று அது நினைத்து முடிப்பதற்குள் பாறை இறங்கியது.

கரும்பாறை முதலில் போய் மடுவின் அடியில் உட்கார்ந்தது. கொம்பையன் பின்னால் போய் அந்தப் பாறைமேல் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு, மேலே வந்தது.

மடுவும் கரும்பாறையில் அமைந்திருந்தால், குழந்தைகளே, கொம்பையன் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். அது மாக்கல்லாக இருந்ததால், தண்ணீர் அதை ஆழமாகத் தோண்டி வைத்திருந்தது. அதனால் ஒரு கொம்பின் நுனியும் ஒரு பின்னங்காலின் நடையும் மட்டும் போயின.

கொம்பையன் நீந்திக் கரை சேர்ந்தது. கற்குவியல்மேல் நண்டு உட்கார்ந்திருந்தது.

"வாருங்கள் ஐயா" என்றது நண்டு. "இங்கே எல்லாரும் கரைகிற ஆட்கள். உங்களுக்குப் பரவாயில்லையா?"

கொம்பையன் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லமுடியவில்லை. கக்கி முடித்ததும் அண்ணாந்து பார்த்தது. அது தன் பாறையைக் கீழிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அருவி இப்போது கொஞ்சம் பின்வாங்கிப் போயிருந்தது. பாறை உடைந்த இடம் வெட்டிவைத்ததுபோலப் பளிச்சென்று தெரிந்தது. உச்சியில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை. அதற்குக் கீழே அடிவரைக்கும் வெளுத்த மாக்கல்.

"அந்தக் கறுப்பு மட்டும்தான் என் பாறையா?" என்று கேட்டது கொம்பையன்.

"ஆமாம் ஐயா" என்றது நண்டு. "மீதியெல்லாம் நாங்கள்."

மேலே நாவல்மரத்துக்கு அப்பால் கூட்டம் அப்படியே நின்றிருந்தது. ஒரு கன்றுகூடக் குறையவில்லை. நீர்நாய் புதிய விளிம்புக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு மாக்கல் பாறையோடு ஒட்டித்தான் இருக்கிறது. வரிசையாக, ஒவ்வொருவராகப் போங்கள். யாரும் குதிக்காதீர்கள்" என்றது. கூட்டம் அப்படியே தாண்டியது.

"நான் அப்போதே சொன்னேன்" என்றது மந்தி.

பெரியத்தை அக்கரை ஏறியதும் கீழே எட்டிப் பார்த்தது. "தம்பி! உயிரோடு இருக்கிறாயா?"

"இருக்கிறேன், அத்தை!"

"ஏதாவது சாப்பிட்டாயா?"

"இப்போதுதானே வந்தேன்!"

கொம்பையன் கால் சரியாகிவிட்டது. ஆனால் செங்குத்தாக ஏறுகிற அளவுக்குச் சரியாகவில்லை. அதனால் கீழேயே தங்கிவிட்டது. ஓடைக்கரையில் புல்லுக்குக் குறைவில்லை. மாலையில் நண்டு முணுமுணுக்கும். கொம்பையன் கேட்டுக்கொண்டிருக்கும். நேரம் போனது.

மேலே வெண்காலன் என்கிற காளை தலைவனாயிற்று. வழக்கம் விட்டுப்போகவில்லை. மழை வந்ததும் வெண்காலன் விளிம்பில் நின்று மிதிக்கும். பாறை 'திண்' என்று சொல்லும். மந்தி "திண்! திண்!" என்று கத்தும். கூட்டமிதி நடக்கும்.

கொம்பையன் அவ்வப்போது அருவிக்குப் பின்னால் போய்ப் பார்த்து வந்தது. தண்ணீர் சும்மா இருக்கவில்லை. முதலில் அங்கே நண்டு நுழையும் குழி இருந்தது. பிறகு நீர்நாய் படுக்கும் பொந்து. மழைக்காலங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒருநாள் கொம்பையன் தலையைக் குனியாமலே உள்ளே போய், திரும்பி நின்று, வெளியே வந்தது.

அந்த வருடம் மழைக்கு வெண்காலன் விளிம்பில் ஏறி மிதித்தபோது, கீழே இருந்த கொம்பையனுக்குச் சத்தம் நன்றாகக் கேட்டது.

டொம்.

"வெண்காலா!" என்று கொம்பையன் கத்தியது. "பாறைக்குக் கீழே ஒன்றுமில்லை! ஒரு தடவை இறங்கி வந்து பார்!"

மேலே ஓர் அழகான தலை எட்டிப் பார்த்தது. "மேலே நடக்கிறவனுக்குக் கீழே என்ன வேலை?" என்றது.

"ஆமாம் அண்ணா" என்றது மந்தி.

"இதை எங்கேயோ கேட்டிருக்கிறோம் ஐயா" என்றது நண்டு.

மேலே கூட்டத்தின் குளம்புச் சத்தம் விளிம்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. நடுநடுவே கன்றுகளின் குரலும் கேட்டது. கொம்பையனுக்கு நீர்நாயின் ஞாபகம் வந்தது. நாவல்மரத்தின் ஞாபகமும் வந்தது. "ஓகோ!" என்றது. அன்றைக்கு என்ன நடந்தது என்பது இவ்வளவு காலம் கழித்து இப்போதுதான் அதற்குப் புரிந்தது.

பிறகு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தியது: "வெண்காலா! நீ மிதிப்பது பாறைக்கு உறைப்பதே இல்லையாமே! பசுக்கள் மிதித்துக் கொடுப்பதால்தான் உன் காரியம் நடக்கிறதாமே! கீழ்க்காட்டில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள்!"

மேலே குளம்புச் சத்தம் நின்றது.

பிறகு வெண்காலனின் குரல் வந்தது. "எல்லாரும் பின்னால் போங்கள்! நாவல்மரத்துக்கு அப்பால் போங்கள்!"

கொம்பையன் கற்குவியலைப் பார்த்துத் திரும்பியது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்று நண்டிடம் சொன்னது. "ஓர் ஆள் வருகிறார்."

"மடுவில் ஆழம் போதுமா ஐயா?"

"எனக்குப் போதுமாக இருந்தது" என்றது கொம்பையன்.

நீதி: உயரத்தில் நிற்பவர், தம் இடம் எவ்வளவு உறுதி என்பதை, அதைக் கீழிருந்து தாங்குகிறவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.